நம்ம ஊர்த் தொடக்கப்பள்ளி: தை, மாசிச் செய்திகளும் ஆண்டு விழாத் தேதியும்

பூவரசம்பீப்பி | திங்கள், இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. போன மாதம் போலவே செய்திகளை இங்கே போடுகிறேன். வெளியூரில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஊரில் இருப்பவர்களிலும் பாதிப் பேருக்குப் பிள்ளை கையில் கொடுத்துவிடும் துண்டுச் சீட்டு வந்து சேர்வதில்லை.

41 பேரில் இன்று 33 பேர் வந்தார்கள். மற்றவர்கள் ஆச்சி வீட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. தயவுசெய்து நாளையாவது அனுப்பிவிடுங்கள். மூன்றாம் பருவப் புத்தகம் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்' இதழ் வந்திருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம்.

26ஆம் தேதி காலை கொடியேற்றம். பிள்ளைகள் சீருடையில், எண்ணெய் வைத்துத் தலை வாரி வரட்டும். அன்றைக்கே கிராம சபையும் இருக்கிறது. பிப்ரவரியில் குடற்புழு மாத்திரை கொடுப்பார்கள். போன தடவை இரண்டு பிள்ளைகள் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதைப் பள்ளிக்கூடத்திலேயே, டீச்சர் கண்முன்னே சப்பி மென்று விழுங்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

அப்புறம் முக்கியமான சேதி. இந்த வருஷம் ஆண்டு விழா நடத்துவது உறுதி. தேதியை நம்மையே சொல்லச் சொல்கிறார் தலைமை ஆசிரியை. வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. அதற்குள் இங்கே உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஷார்ஜா டெல்டாக்காரன் | திங்கள், இரவு 11.40

அக்கா, படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நான் அந்தப் பள்ளியில் ஐந்தாவது முடித்து 22 வருஷம் ஆகிறது. நாங்கள் படித்த ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் விழா நடந்தது. அன்றைக்கு மேடை என்று இருந்தது நான்கு பெஞ்சைச் சேர்த்துப் போட்டது. நான் ஆடும்போது நடு பெஞ்சு விலகிக் கால் உள்ளே போய்விட்டது. அந்தத் தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

என் பங்கு 20,000 ரூபாய். இன்னும் இரண்டு பேரிடமும் கேட்கிறேன். நல்ல மேடை, மைக் செட், சீரியல் லைட், முன்னால் பெரிய கீற்றுப் பந்தல் எல்லாம் போடுங்கள். நம் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் அந்த வெளிச்சம் கிடைக்கட்டும். வேனில் போகிற பிள்ளைகள் ஆண்டு விழாப் படத்தைப் போனில் காட்டும்போது நம் பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. தேதி மட்டும் சீக்கிரம் சொன்னால் லீவு போட்டுப் பார்க்கிறேன்.

சம்பா அறுப்பு | செவ்வாய், காலை 6.15

தம்பி, உன் மனசு நல்ல மனசு. ஆனால் தேதி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். தை கடைசி வரைக்கும் யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் வர முடியாது. மேலத்தெரு வயல் இப்போதுதான் பழுத்திருக்கிறது. அறுவடை மெஷின் என்றைக்கு வரும் என்று அவனுக்கே தெரியவில்லை. போன் வந்தால் ராத்திரி பத்து மணியானாலும் வயலுக்கு ஓட வேண்டும். அதற்கப்புறம் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடப்பது. பங்குனியில் வைத்தால் உளுந்து, பயறு பறிக்கிற நேரம், அம்மாக்கள் யாரும் வர மாட்டார்கள். அதனால் மாசி கடைசிதான் தோது. அப்போது வாய்க்காலும் வற்றியிருக்கும், வயலும் ஓய்ந்திருக்கும்.

இன்னொரு விஷயம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே போனால் நெல்லை நிறுத்திவிடுகிறார்கள். பனி அடிக்கிறது, காலையில் அறுத்தால் காயவே இல்லை. களம் இரண்டும் நிரம்பிவிட்டது. சனி, ஞாயிறு மட்டும் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நெல் காயப்போட அனுமதி கிடைக்குமா? திங்கள் காலைக்குள் அள்ளிவிடுவோம். கேட்டுச் சொல்லுங்கள்.

அடுப்படி அக்கா | செவ்வாய், மதியம் 2.30

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கிறேன். 2023 ஆகஸ்ட் 25, திருக்குவளையில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்த நாளிலிருந்து அடுப்புப் பக்கம் நிற்கிறேன். என் மகளும் அங்கேதான் மூன்றாவது படிக்கிறாள்.

மாமா, நெல் காயப்போட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்கள் நெல்லும் தெருவில்தான் கிடக்கிறது. ஆனால் போன வருஷம் திங்கட்கிழமை காலை என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். நெல்லை அள்ளிவிட்டீர்கள், சுணையை யார் அள்ளுவது? பிள்ளைகள் அந்த மண்ணில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று தொடையைச் சொறிந்து சொறிந்து, உப்புமாவைப் பாதியில் வைத்துவிட்டு அழுதது. தேங்காய் எண்ணெய் தடவி மடியில் வைத்திருந்தேன். அன்றைக்கு முழுவதும் எலியும் புறாவும் வேறு. மைதானத்தின் மேலண்டை மூலை மட்டும், தார்ப்பாய் விரித்து, என்றால் சரி. கூட்டிவிட்டுப் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மேடை, பந்தல் என்று படித்ததும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. இதை இதுவரை எங்கேயும் எழுதவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்திருந்த நேரம். பள்ளி மோட்டார் நான்கு நாளாக ஓடவில்லை. பிள்ளைகள் சாப்பிட்ட தட்டை வாய்க்காலில் கழுவப் போனார்கள். போகாதே என்று கத்திக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் ஒரு கையில் கரண்டி, எதிரே இருபது பிள்ளைகள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் தட்டு கை நழுவித் தண்ணீரில் விழுந்தது. அதைப் பிடிக்க அவன் குனிந்தான். அந்தக் கரை களிமண், மழையில் வெண்ணெய் மாதிரி இருக்கும். கால் வழுக்கி இடுப்பு வரை உள்ளே போய்விட்டான். நான் ஓடிப் போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பித்தான் பிய்ந்து என் கையோடு வந்துவிட்டது. பையன் கரைக்கு வந்துவிட்டான். தட்டு மட்டும் சுற்றிச் சுற்றி மிதந்து மதகு வரைக்கும் போய் அங்கே முழுகியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பித்தான் இரண்டும் இன்னும் என் மசாலா டப்பாவில் கிடக்கிறது. மைதானத்துக்கு ரோட்டுப் பக்கம் சுவர் இருக்கிறது, வாய்க்கால் பக்கம் ஒரு முள்கூட இல்லை.

பூவரசம்பீப்பி | செவ்வாய், மதியம் 3.05

அக்கா, தட்டு தொலைந்தது என்று மட்டும்தானே சொன்னீர்கள்? இதை நீங்கள் அன்றைக்கே குழுவில் சொல்லியிருக்க வேண்டும். கை நடுங்குகிறது.

அடுப்படி அக்கா | செவ்வாய், மதியம் 3.20

சொன்னால் டீச்சருக்குக் கெட்ட பெயர் வரும், என் வேலைக்கும் வரும் என்று பயந்தேன். அது தப்புதான். டீச்சர் அன்றைக்கு உள்ளே ஒன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு டீச்சர், ஐந்து வகுப்பு. அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

வேனுக்கு நிற்பவன் | செவ்வாய், இரவு 8.45

நான் என் பையனை இந்தப் பள்ளியில் சேர்க்காமல் 9 கிலோமீட்டர் தள்ளி வேனில் அனுப்புகிறவன். ஊரில் பல பேருக்கு என் மேல் வருத்தம் என்று தெரியும். இங்கிலீஷுக்காக அனுப்பினேன் என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த வாய்க்கால்தான் காரணம். என் அண்ணன் மகன் ஒருவன் எங்கள் சிறு வயதில் ஆற்றில் போனவன். வேலி இல்லாத இடத்தில் என் பிள்ளையை விட எனக்குத் துணிவு இல்லை. அந்த வேனுக்காகக் காலை ஏழே காலுக்கு அவனை அரைத் தூக்கத்தில் சட்டை மாட்டி நிறுத்துகிறேன். பாதி நாள் சாப்பிடாமல் போகிறான். நடந்தால் நான்கு நிமிஷத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்தைக் கடந்துதான் அந்த வேனும் போகிறது.

கரும்பலகை | செவ்வாய், இரவு 9.50

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மருமகள் உங்கள் ஊர். அதனால் இதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் கீற்றுப் பந்தல். தம்பி, அது வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16, கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் போனது கீற்றுக் கூரையில் பிடித்த தீயால். அன்றைக்கு நான் வகுப்பில் இருந்தேன். ரேடியோவில் சேதி கேட்டுவிட்டு, என் பள்ளியின் சமையல் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தேன், அதுவும் கீற்றுதான். அந்த வாரமே பிரித்துப் போட்டோம். அதற்கப்புறம்தான் பள்ளிகளில் கீற்றுக் கூரையே கூடாது என்று வந்தது. ஒரு நாள் பந்தலானாலும், சீரியல் லைட்டும் கீற்றும் பிள்ளைகள் தலைக்கு மேலே ஒன்றாக இருக்கக் கூடாது. ஷாமியானா போதும். இல்லாவிட்டால் மாலை நாலரை மணி வெயில் தாழ்ந்த பிறகு மரத்தடியிலேயே வைக்கலாம்.

அடுத்தது வேலி. இது தயவு கேட்கிற விஷயம் இல்லை. 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக் கட்டடத்துக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாடும் இடம், அதோடு சுற்றுச்சுவர் அல்லது வேலி. அந்தச் சட்டப்படிதான் உங்கள் மேலாண்மைக் குழுவும் இருக்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதாவது கேட்கிற உரிமை முதலில் அம்மாக்களுக்குத்தான்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பல ஊர்களில் இரண்டு வருஷம் வீணாகிறது. ஒன்றியப் பள்ளியில் பாடம், ஆசிரியர் எல்லாம் வட்டாரக் கல்வி அலுவலர் பக்கம். கட்டடம், சுவர், பராமரிப்பு ஊரக வளர்ச்சித் துறை, அதாவது பிடிஓ அலுவலகம். கல்வி அலுவலகத்துக்கு மட்டும் மனு கொடுத்தால் 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு பதில் வரும், அவ்வளவுதான். இரண்டு இடத்துக்கும் கொடுக்க வேண்டும். இதுவரை தீர்மானம் ஏதாவது போட்டிருக்கிறீர்களா?

பூவரசம்பீப்பி | செவ்வாய், இரவு 10.30

ஐயா, இரண்டு தடவை போட்டிருக்கிறோம். ரோட்டுப் பக்கச் சுவர் அப்படி வந்ததுதான். வாய்க்கால் பக்கம் வந்தபோது அளவு பார்க்க வேண்டும் என்றார்கள். எது பள்ளி நிலம், எது வாய்க்கால் புறம்போக்கு என்று தெரியவில்லையாம். சர்வேயர் வரவே இல்லை. அப்படியே நின்றுபோயிற்று. நானும் அதைத் துரத்திப் பிடிக்கவில்லை. கொடியேற்றம், புத்தகம், போட்டி என்று ஒவ்வொன்றாக வரும்போது இது பின்னால் போய்விட்டது.

கரும்பலகை | புதன், காலை 5.40

கரையிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி உள்ளே போட்டால் நிலத் தகராறே வராது. பிள்ளைகளுக்கு மைதானம் கொஞ்சம் குறையும், குறையட்டும். அளந்த பிறகு நிரந்தரச் சுவரை எல்லையில் கட்டிக்கொள்ளலாம்.

ஷார்ஜா டெல்டாக்காரன் | புதன், காலை 7.00

ராத்திரி தூங்கவில்லை. நானும் அதே கரையில் தட்டுக் கழுவியவன்தான். மேடை வேண்டாம், லைட் வேண்டாம். 20,000 ரூபாயையும் வேலிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி வலையும் சிமெண்டுத் தூணும் என்ன விலை என்று மன்னார்குடியில் விசாரித்துச் சொல்லுங்கள், குறைந்தால் போடுகிறேன். இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

மாலைநேர டீச்சர் | புதன், காலை 9.15

அண்ணா, நீங்கள் கொடுப்பது பெரிய விஷயம். ஆனால் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நாமே வேலி போட்டுவிட்டால் 'அங்கே வேலி இருக்கிறது' என்று கோப்பை மூடிவிடுவார்கள். அப்புறம் கம்பி துருப்பிடித்து விழும்போது கேட்க முடியாது. சட்டத்தில் இருப்பதை அரசாங்கம்தான் செய்ய வேண்டும். 41 பிள்ளைகளில் 30 பேருக்கு மேல் கூலி வேலைக்குப் போகிற குடும்பம். வெளிநாட்டில் அண்ணன் இருக்கிற ஊருக்கு வேலி வரும், இல்லாத ஊருக்கு வராது என்றால் அது சரியில்லை.

சம்பா அறுப்பு | புதன், மதியம் 12.50

பாப்பா சொல்வது நியாயம். ஆனால் தண்ணீர் நியாயம் பார்க்காது. கணக்கைக் கேளுங்கள். மேட்டூர் வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடுவார்கள். பத்துப் பதினைந்து நாளில் நம் வாய்க்கால் தரை தெரியும். திரும்ப ஜூன் 12-ல் திறந்தால், கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து பாமணியாறு வழியாக நம் மதகுக்கு வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூன். புதுசாக ஒன்றாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளும் புதுத் தண்ணீரும் ஒரே மாதத்தில் வருகிறார்கள். முதல் தண்ணீரில் செத்தையும் நுரையுமாக வரும், அதைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடத்தான் செய்யும். நாம் ஓடவில்லையா?

அதனால் நமக்கு இருப்பது மாசி முதல் வைகாசி வரை நான்கு மாதம். தரை காய்ந்திருக்கும்போதுதான் சிமெண்டுத் தூண் நட முடியும்.

அடுப்படி அக்கா | புதன், மதியம் 2.15

நான்கு மாதம் என்றாலும் இன்றைக்கும் வாய்க்காலில் முழங்கால் தண்ணீர் இருக்கிறது, மாமா. நாளைக் காலையும் 41 தட்டு கழுவ வேண்டும். மோட்டார் இப்போது ஓடுகிறது, அது வரைக்கும் நிம்மதி.

கரும்பலகை | புதன், மாலை 6.00

இருவர் சொல்வதும் சரி என்பதால் இரண்டையும் செய்யலாம். முறையாகச் செய்தால் ஒன்று மற்றதைக் கெடுக்காது.

இப்போது போடுவதை வேலி என்று எழுதாதீர்கள். தீர்மானத்தில் 'தற்காலிகத் தடுப்பு' என்று எழுதுங்கள். 'நிரந்தரச் சுற்றுச்சுவர் கட்டும்வரை பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் பெற்றோர் அமைத்த தற்காலிகத் தடுப்பு' என்றே போடுங்கள். ஐப்பசியில் நடந்ததைப் பெயர் இல்லாமல், தேதியோடு எழுதுங்கள். வாய்க்கால் பக்கம் எத்தனை அடி, ஆழம் எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை தண்ணீர் ஓடும் என்பதையும் சேருங்கள். பள்ளியிலிருந்து கரை எத்தனை எட்டு என்று ஒரு பிள்ளையை நடக்கவிட்டு எண்ணுங்கள். அதிகாரி மேஜைக்கு வருகிற மனுக்கள் எல்லாம் 'ஆவன செய்ய வேண்டுகிறோம்' என்றே இருக்கும். அளவு எழுதியிருக்கிற மனுவைத்தான் அவர் உதவிப் பொறியாளரிடம் கொடுக்க முடியும்.

வெள்ளிக்கிழமை குழுவில் தீர்மானம், திங்கட்கிழமை 26ஆம் தேதி கிராம சபையில் அதே தீர்மானம். கிராம சபையில் எழுதியதை எழுதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டுவிட்டுப் போங்கள். இது தவறினால் அடுத்தது மார்ச் 22 வரை காத்திருக்க வேண்டும்.

மாலைநேர டீச்சர் | புதன், இரவு 8.20

சரிங்க ஐயா, ஒத்துக்கொள்கிறேன். மனுவை நான் எழுதுகிறேன். நாளைக்கு டேப்போடு போய் அளக்கிறேன்.

ஆண்டு விழாவை இதில் மறந்துவிடாதீர்கள். பெரிய மேடை இல்லாவிட்டாலும் விழா நடக்க வேண்டும். 2021 கடைசியில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வந்தபோது நம் தெருத் திண்ணையில் 14 பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கொரோனாவில் பள்ளிக்கூடமே பார்க்காமல் இரண்டாவது வந்திருந்தவர்கள். அதில் ஒருத்திக்கு 'அ' மட்டும்தான் தெரியும். அடுத்த வருஷம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தபோது அவள் ரொம்ப நாள் அரும்பிலேயே இருந்தாள். ஒரு நாள் அவள் அப்பாவோடு நெல் மூட்டைக்குக் காவலுக்குப் போயிருக்கிறாள். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்று, 'அக்கா, நே-ர-டி நெல் கொள்-மு-தல் நி-லை-யம்' என்றாள். பலகையைப் பார்த்துத் தானே வாசித்திருக்கிறாள். 'கொள்முதல்னா என்னக்கா?' என்று கேட்டாள். அவ்வளவு நீளமான சொல்லை வாசித்த பிள்ளைக்கு அர்த்தம் சொல்லும்போது எனக்குக் குரல் வரவில்லை.

நம் விழாவில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து ஏதாவது ஒன்றை உரக்க வாசிக்கட்டும். ஊஞ்சலிலிருந்து ஒரு கதை, ரேஷன் கார்டில் இருக்கிற தாத்தா பெயர், எதுவானாலும் சரி. 41 பிள்ளைக்கும் மைக் முன்னால் ஒரு நிமிஷம். டான்சுக்கு எப்போதும் அதே ஆறு பிள்ளைகளைத்தான் பொறுக்குகிறோம். மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். அப்புறம் கும்மி, கோலாட்டம் எல்லாருமாக ஆடலாம்.

பூவரசம்பீப்பி | புதன், இரவு 9.00

இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. என் மகன் திக்குவான். டான்சுக்கும் நாடகத்துக்கும் இதுவரை யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. ஒரு நிமிஷம் அவனுக்கும் உண்டு என்றால் நான் இன்றையிலிருந்தே தயார் செய்கிறேன்.

ஷார்ஜா டெல்டாக்காரன் | புதன், இரவு 11.10

அப்படியென்றால் மைக் செட் மட்டும் நல்லதாக வையுங்கள் அக்கா. கரகரவென்று இழுக்காத மைக். அதற்குத் தனியாக அனுப்புகிறேன். வாசிப்பதை யாராவது போனில் பிடித்து அனுப்புங்கள், முழுசாக.

மாலைநேர டீச்சர் | வியாழன், மாலை 5.30

அளந்தாயிற்று. வாய்க்கால் பக்கம் 118 அடி. சமையலறை வாசலிலிருந்து கரை வரைக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நடந்தது 23 எட்டு. இன்றைக்குத் தண்ணீர் இரண்டு அடிக்கு மேல் இருக்கிறது. கரையிலேயே தட்டுத் தேய்த்த மணல் தடம் இன்னும் இருக்கிறது. மூங்கில் குச்சியில் ஐப்பசி மட்டத்தையும் ஊர்த் தாத்தா ஒருவர் காட்டினார். அது என் தோளுக்கு வந்தது.

வேனுக்கு நிற்பவன் | வியாழன், இரவு 9.40

தூண் நட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஞாயிறு முழுக்க எனக்கு வேலை இல்லை. கடப்பாரை, மண்வெட்டி என்னிடம் இருக்கிறது.

சம்பா அறுப்பு | வெள்ளி, காலை 6.30

என் கொல்லையில் மூங்கில் இருக்கிறது, முப்பது மூங்கில் வெட்டித் தருகிறேன். வேலியோரம் கிளுவைப் போத்தும் பூவரசம் போத்தும் நடுவோம். தரையில் ஈரம் இருக்கிற இப்போதே நட்டால் சித்திரை வெயிலுக்குள் வேர் பிடித்துவிடும். ஜூனுக்குள் கிளுவை தழைத்து நிற்கும். கம்பி துருப்பிடித்தாலும் கிளுவை துருப்பிடிக்காது. பூவரசு வளர்ந்தால் பிள்ளைகளுக்குப் பீப்பி ஊத இலையும் கிடைக்கும்.

நெல் காயப்போடுவதை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சுணையை நினைத்தால் எனக்கே தொடை அரிக்கிறது. தெற்கு ரோட்டில் ஒரு பக்கமாகத் தார்ப்பாய் போட்டுக்கொள்கிறோம்.

பூவரசம்பீப்பி | வெள்ளி, இரவு 8.15

குழு கூடியது. தீர்மானம் எழுதியாயிற்று, ஐயா சொன்ன சொற்களிலேயே. அடுப்படி அக்கா எழுந்து எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். தலைமை ஆசிரியை அழுதுவிட்டார். 'என்னிடம் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேனா?' என்றுதான் கேட்டார். அந்தப் பையனின் அம்மாவுக்கும் இன்றைக்குத்தான் முழுசாகத் தெரியும். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டம் முடிகிற வரைக்கும் விடவில்லை.

இன்னும் சில்லறைச் செய்திகள். வரும் சனிக்கிழமை பள்ளி உண்டு, உள்ளூர் விடுமுறைக்கு ஈடு. நீலக் கலர் தண்ணீர் பாட்டில் ஒன்று, ஒற்றைச் செருப்பு ஒன்று ஆபீஸ் ரூமில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நான்காம் வகுப்புக்குத் திங்கட்கிழமைக்கப்புறம் வாய்ப்பாட்டுப் பரீட்சை.

பூவரசம்பீப்பி | திங்கள், மதியம் 1.30

கிராம சபையிலிருந்து இப்போதுதான் வந்தேன். கொடியேற்றம் முடிந்ததும் அம்மாக்கள் 19 பேர் அப்படியே நேராகப் போனோம். குடிநீர், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை என்று போய் எங்கள் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. யாரும் எழுந்து போகவில்லை. ஊராட்சிச் செயலர் எழுதிக்கொண்டார். வாசிக்கச் சொன்னோம். முதல் தடவை 'வேலி பழுது' என்று வாசித்தார். பழுது பார்க்க அங்கே வேலியே இல்லை என்று மாலைநேர டீச்சர் எழுந்து சொன்ன பிறகு, '118 அடி நீளத்துக்குப் புதிய சுற்றுச்சுவர்' என்று திருத்தி எழுதி மறுபடி வாசித்தார். காதால் கேட்டோம், ஐயா. கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

நாளைக்கு நானும் டீச்சரும் பிடிஓ அலுவலகத்துக்கும் கல்வி அலுவலகத்துக்கும் போய் மனுவைக் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கி வருகிறோம். சர்வேயருக்கும் தனி மனு.

தற்காலிகத் தடுப்பு வேலை அடுத்த ஞாயிறு காலை 6 மணிக்கு. ஆண்டு விழா மாசி கடைசி வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணி, பள்ளி மரத்தடி. 41 பிள்ளையும் வாசிக்கிறார்கள். கீற்று இல்லை.

கரும்பலகை | திங்கள், மாலை 4.10

ரொம்ப சந்தோஷம். முத்திரை போட்ட நகலில் தேதி தெரிகிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் நகலோடு மறுபடி போங்கள். நானும் விழாவுக்கு வருகிறேன்.

வேனுக்கு நிற்பவன் | திங்கள், இரவு 9.30

ஞாயிறு ஐந்தரைக்கே வந்துவிடுகிறேன். ஒன்று கேட்க வேண்டும். சின்னவளுக்கு ஐந்து வயது முடியப் போகிறது. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை எப்போது, என்னென்ன எடுத்து வர வேண்டும்?

பூவரசம்பீப்பி | திங்கள், இரவு 9.45

தேதி வந்ததும் முதலில் இங்கேதான் போடுவேன் அண்ணா. பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் இருந்தால் அது, இரண்டு போட்டோ. அவளையும் கூட்டி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையே கூட்டி வாருங்கள். அவள் பங்குக்கு ஒரு பூவரசம் போத்து நடட்டும்.